நீலப்பொட்டுக்காரியின் மகள்

விடிந்ததும் அம்மா செய்த முதல் வேலை, அலமாரி உச்சியில் மூன்று வருடமாகக் கிடந்த தலையணையை இறக்கி மாடிச் சுவரில் வெயிலுக்குப் போட்டதுதான்.

யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. போன வாரம் அக்கா போனில் சொன்ன ஒற்றை வரி அந்த வீட்டில் மூன்று பேரையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. "ராணி பிரிக்கிற அன்னிக்கு வர்றேன். என் பங்கை எடுத்துட்டுப் போயிடுறேன்." அவ்வளவுதான் சொன்னாள். 'போயிடுறேன்' என்பதை மூவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'வர்றேன்' ஒன்றே போதுமாக இருந்தது.

அம்மா தலையணையைத் தட்டினாள். சின்னவள் மூன்றாவது முறையாகத் தலை சீவினாள். அப்பா ஷேவ் செய்துகொண்டிருந்தார், அதுவும் லீவு நாளில்.

"டூட்டியும் இல்லை. யாருக்கு இந்த அலங்காரம்?" என்றாள் அம்மா, மாடிப்படியில் இறங்கியபடியே.

"சங்கத்துல ராணித் தேனீ பிரிக்கிறாங்க. தலைவர் தாடியோடவா போய் நிக்கிறது?"

"ஓ, தேனீ பார்த்து மயங்கவா!"

அப்பா மீதிக் கன்னத்தை மழித்தார். பஸ் கண்டக்டர் அவர். வீட்டிலும் அவர் விசில் அடித்தால்தான் வண்டி நகரும், அடித்தால்தான் நிற்கும். அக்கா விஷயத்தில் மட்டும் மூன்று வருடமாக விசிலைத் தொலைத்துவிட்டவர் போல இருந்தார்.

நடந்தது இதுதான். ஊரின் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்குப் பொதுப் பண்ணை ஒன்று உண்டு. பெரிய ரோட்டை ஒட்டி, ஓடாத நீரேற்று நிலையத்தின் பின்புறம். வீட்டில் இடம் இல்லாதவர்கள் தங்கள் பெட்டிகளை அங்கே வைத்திருப்பார்கள். பொறுப்பாளர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார், வருடா வருடம் புது ராணிகளை வளர்த்து உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். மூன்று வருடம் முன்பு அந்தப் பொறுப்புக்கு அக்கா நின்றாள். ராணி வளர்க்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தச் சங்கத்தில் அவள்தான். ஆனாலும் விதி விதிதானே. கூட்டத்தில் பாதிக்கு மேல் கை உயர வேண்டும்.

ஒரு கை குறைந்தது. அந்த ஒரு கை அப்பாவின் பேன்ட் பைக்குள் இருந்தது.

"தலைவரா உட்கார்ந்துட்டு என் பொண்ணுக்கு நானே கை தூக்கினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார் வீட்டுக்கு வந்ததும். அந்த நாலு பேர் அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். அக்கா சாப்பிடவில்லை. அந்த வாரமே வெளியூரில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். பொறுப்பு ஒரு மெக்கானிக்குக்குப் போனது. பாதிப் பெட்டிகளைப் பாழாக்கிவிட்டு அவரும் கைகழுவினார். பிறகு போட்டிக்கு ஆளில்லாமல் போகவே, "அதான் சும்மா இருக்கே" என்று சின்னவளிடம் தள்ளிவிட்டார்கள். குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் அவள். பட்டம் வாங்கிய பெண்ணுக்கு வேலை கிடைக்கும்வரை ஊர் வைக்கும் பெயர் அதுதான்: சும்மா இருக்கிறவள்.

அக்கா போகும்போது விட்டுப் போனது ஒரு பெட்டி. அதன் ராணியின் முதுகில் தன் நகப்பூச்சால் நீலப் பொட்டு ஒன்று வைத்திருந்தாள். நீலப்பொட்டுக்காரி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவள் பிள்ளைகள் அத்தனை சாது. முகத்துக்கு வலை இல்லாமல் பெட்டியைத் திறக்கலாம். மூன்று வருடத்தில் அக்கா வீட்டைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி, "நீலப்பொட்டுக்காரி இருக்காளா?"

அவளும் இப்போது இல்லை. வயதாகி, கூட்டம் சுருங்கி, போன வாரம் எறும்பு ஏறி ஒரே பகலில் அந்தப் பெட்டியே காலி. நல்லவேளையாக, அதற்கு முன்பே அவளுடைய இளம் புழுக்களைச் சின்னவள் எடுத்து, மெழுகுக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக இட்டு, ராணியில்லாத வளர்ப்புப் பெட்டி ஒன்றில் தொங்கவிட்டிருந்தாள். தேனீக்களும் ஏமாற்றாமல் ஊட்டி வளர்த்து, வேர்க்கடலை மாதிரி ராணி அறைகளைக் கட்டி மூடியிருந்தன. நீலப்பொட்டுக்காரியின் வம்சம் அந்த ஒரு வரிசையில்தான் மிச்சம். அக்கா வருவதும் அதற்காகத்தான்.

*

பண்ணையில் சின்னவளுக்கு முன்பே பேக்கரிக்காரர் வந்திருந்தார். சங்கத்தின் செயலாளர். கையில் பன் பொட்டலம்.

"வா பாப்பா. என் ராணி ரெடியா? என் பெட்டியில இருக்கறவ முட்டையே போட மாட்டேங்கிறா. என்னை மாதிரியே உடம்பு வளர்த்துட்டு உட்கார்ந்திருக்கா."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா. வெண்ணெய் வாசனைக்கு உங்களையே மொய்ச்சிடும்."

லேசாகப் புகை காட்டி, மூடியை எடுத்து, ராணி அறைகள் தொங்கும் மரச்சட்டத்தை மெதுவாகத் தூக்கினாள். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இதில் எதை அக்காவுக்கு என்று நேற்றே பார்த்து வைத்திருந்தாள். நடுவில் இருப்பது. நீளமாக, மேலெல்லாம் நல்ல கொத்து வேலைப்பாட்டோடு.

சட்டத்தை மறுபக்கம் திருப்பினாள்.

நடு அறையின் விலாவில் ஓட்டை. பக்கத்து அறையிலும். அதற்கடுத்ததிலும்.

"என்ன பாப்பா, எல்லாரும் அதுக்குள்ள வெளிய வந்துட்டாங்களா?"

அவள் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ராணி தானே வெளியே வந்தால் அறையின் நுனியை வட்டமாக அறுத்துக்கொண்டு வருவாள். விலாவில் ஓட்டை என்றால் அர்த்தம் வேறு. முன்பே பிறந்த ஒருத்தி, உள்ளே இருப்பவர்களை வெளியே வரவிடாமல் முடித்துவிட்டாள்.

சட்டத்தை வைத்துவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக உருவினாள். வலது ஓரத்துச் சட்டத்தின் கீழ் மூலையில் அது இருந்தது. யாரும் வளர்க்கச் சொல்லாமல் தேனீக்களே கட்டிய ராணி அறை. நுனி வட்டமாக அறுபட்டு, மூடி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சட்டத்தை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வளர்ப்புப் பெட்டியில் இப்படித் திருட்டு அறைகள் கட்டாமல் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி. நடுவில் ஒருநாள் எல்லாச் சட்டத்தையும் எடுத்து, தேனீக்களை உதறிவிட்டு, வெற்று அடையைப் பார்த்து, இருப்பதைக் கிள்ளி எறிய வேண்டும். உதறாமல் பார்த்தால் தேனீக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அக்கா தலையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம்.

அன்று எல்லாவற்றையும் உதறினாள். இந்தக் கடைசிச் சட்டம் கையில் இருக்கும்போது பாக்கெட்டில் போன் அடித்தது. அக்காதான் என்று நினைத்தாள். சட்டத்தை அப்படியே செருகிவிட்டு, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, ஓடிப்போய் எடுத்தாள்.

எந்தக் கடைக்காரனோ, ஏதோ தள்ளுபடி என்றான்.

"அத்தனையும் போச்சா?" பேக்கரிக்காரரின் குரலில் இப்போது கேலி இல்லை.

"ம்."

"ஐயோ. சாயங்காலம் எல்லாரும் வருவாங்களே."

சாயங்காலம் வருகிறவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிற ஒருத்தியைப் பற்றித்தான்.

*

அப்பா வரும்போது பெட்டியை மூடிவிட்டு அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் அவர் வந்து நின்றார். பேக்கரிக்காரர் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொல்ல, கன்னத்தில் சோப்பு காய்ந்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

சின்னவள் போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"அக்காவுக்கு. வீணா வர வேண்டாம்னு சொல்லணும்ல?"

"சொல்லாதே."

"என்னது?"

"சொல்லாதேன்னா சொல்லாதே." அப்பா அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துச் சொன்னார். "வரட்டும். வந்தப்புறம் தெரிஞ்சா தெரியட்டும்."

சின்னவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஏறியதற்குக் காரணம், அவளுக்கும் அதே ஆசை இருந்ததுதான்.

"நல்லா இருக்குப்பா. அன்னிக்கு ஒரு கை தூக்கத் தெரியலை. இன்னிக்குப் பொய் சொல்லிக் கூட்டிட்டு வரணும். அப்படித்தானே?"

"நான் எங்கேடி பொய் சொல்லச் சொன்னேன்? சும்மா இருன்னுதானே..."

"சும்மா இருக்கறதுதான் உங்களுக்கு நல்லா வருமே! அன்னிக்கும் சும்மாதானே இருந்தீங்க?"

பேக்கரிக்காரர் பன் பொட்டலத்தைப் பிரிப்பதா மூடுவதா என்று தெரியாமல் நின்றார். பஸ் முழுக்கக் கேட்கக் கத்தும் அப்பா, கன்னத்துச் சோப்பைச் சுரண்டத் தொடங்கினார்.

சின்னவள் எண்ணை அழுத்தினாள்.

"ம், சொல்லு. பஸ்ல இருக்கேன். சத்தமா பேசு."

"எல்லாம் போச்சுக்கா."

"எது போச்சு?"

"ராணி அறை. அத்தனையும். விலாவுல ஓட்டை. முன்னாடியே ஒருத்தி வந்துட்டா."

இன்ஜின் இரைச்சல். யாரோ "கேட் போட்டுட்டான்யா" என்று அலுத்துக்கொண்டார்கள்.

"நீலப்பொட்டுக்காரி பெட்டியில..."

"அதான் எறும்பு ஏறிடுச்சுன்னு சொன்னேனே."

"அப்ப ஒண்ணுமே இல்லை."

"இல்லை."

"அப்புறம் நான் எதுக்குடி வர்றேன்?"

'எனக்காக வா.' இரண்டே வார்த்தை. கல்லூரியில் மேடையேறி எதை எதையோ பொளந்து கட்டியவள் அவள். ஊரில் எவனாவது குறுக்கே பேசினால் பதில் நாக்கு நுனியில் இருக்கும். இந்த இரண்டு வார்த்தை மட்டும் அவளுக்குச் சொல்ல வரவில்லை.

"தெரியலை," என்றாள்.

பிறகு அக்காவுக்குள் இருந்த தேனீக்காரி தாங்கமாட்டாமல் கேட்டாள்:

"எந்தச் சட்டத்துலருந்து வந்தா?"

"வலது ஓரம். கீழ் மூலை."

"உதறலையா?"

"எல்லாத்தையும் உதறினேன். அதை மட்டும்..." நிறுத்தினாள். "போன் வந்துது. நீதான்னு நினைச்சேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, அது அந்தப் பெட்டியோட சொந்தச் சட்டமா?" அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இல்லை. நான் புழு எடுத்தேன்ல, அந்தச் சட்டம். அதுல நிறையப் புழு மிச்சம் இருந்துச்சுக்கா. திருப்பி வச்சா, அங்கே அணைச்சுக்க ஆள் இல்லை, குளிர்ல செத்துப்போயிடும்னு மனசு கேக்கலை. அதான் இங்கேயே வச்சேன்."

"லூசு. வளர்ப்புப் பெட்டியில எவளாவது இளம்புழுச் சட்டத்தை விட்டு வைப்பாளா?"

"திட்டு."

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்... ஏய், இரு இரு. நீ புழு எடுத்தது யார் பெட்டியிலருந்து?"

"நீலப்பொட்டு..."

சின்னவள் பாதியில் நிறுத்தினாள். பெட்டியைப் பார்த்தாள். அதன் சின்ன வாசலில் தேனீக்கள் எதுவும் நடக்காதது போல வந்து போய்க்கொண்டிருந்தன.

"அப்ப வந்தவளும் அவ பொண்ணுதான்டி," என்றாள் அக்கா.

யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கிண்ணத்தில் இடவில்லை. மூலையில் கிடந்தவள், தானே வளர்ந்து, தானே வெளியே வந்திருக்கிறாள். கூடப்பிறந்தவர்களை முடித்துவிட்டு வந்திருக்கிறாள், அதைக் கொண்டாட முடியாதுதான். ஆனால் நீலப்பொட்டுக்காரியின் மகள்.

"உசிரோட இருக்காளா? கூப்பிடுறாளான்னு காதை வச்சுக் கேளு. புகை போடாதே. மூடியைத் தொடாதே."

சின்னவள் மண்டியிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தாள். வெயில் பட்டு மரம் கதகதப்பாக இருந்தது. உள்ளே ஆயிரம் இறக்கைகளின் இரைச்சல். அதற்குக் கீழே, மெல்லியதாக, நீளமாக ஒரு கூவல். பிறகு சின்னச் சின்னதாகச் சில.

புதிதாகப் பிறந்த ராணி இப்படித்தான் கூப்பிடுவாள். மூடிய அறைகளுக்குள் சகோதரிகள் இருந்தால் உள்ளேயிருந்தே பதில் குரல் கொடுப்பார்கள். இவளுக்குப் பதில் சொல்ல யாரும் மிச்சமில்லை. மறுபடி கூப்பிட்டாள். நிறுத்தினாள். மறுபடி.

"விசில் மாதிரி இருக்கு," என்றார் அப்பா. எப்போது வந்து குனிந்தார் என்று தெரியவில்லை, எதிர்ப்பக்கத்தில் அவர் காதும் பெட்டியில் இருந்தது.

சின்னவள் போனைப் பெட்டியோடு ஒட்டிப் பிடித்தாள். கை வலிக்கும்வரை பிடித்திருந்தாள்.

திரும்பக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அது பக்கத்து சீட்டாகவும் இருக்கலாம்.

"கேட்டுச்சாக்கா?"

"புதுசு. மிரண்டா பறந்துடுவா. பறந்தா திரும்பி வர வழி தெரியாது அவளுக்கு," என்றாள் அக்கா. "யாரையும் திறக்க விடா..."

தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் போகவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

*

"நல்ல சேதிதான்," என்றார் பேக்கரிக்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஆனா ஒண்ணு சொல்லிடறேன் பாப்பா, தப்பா நினைக்காதே. நானும் ராணிக்குப் பேர் கொடுத்தவன். கொடுத்தவங்க இன்னும் எத்தனையோ பேர். ராணி ஒண்ணுதான். பொதுப் பண்ணையில பொறந்தா பொதுச் சொத்து. விதிப்படி சாயங்காலம் கூட்டம் போட்டு, யாருக்குன்னு கை தூக்கித்தான் முடிவு பண்ணணும்."

"அது அக்காவோட ராணி மாமா."

"அவ இப்போ உறுப்பினரே இல்லையேம்மா. யாராவது எழுந்து கேட்டா என்ன பதில் சொல்றது? தலைவரைக் கேளு."

சின்னவள் தலைவரைப் பார்த்தாள். தலைவரின் கைகள், பழக்கதோஷம், பேன்ட் பைக்குள் போய்ச் சேர்ந்திருந்தன.

"கேட்டீங்களா தலைவரே? கை தூக்கணுமாம்."

அப்பா ரோட்டுப் பக்கம் திரும்பினார்.

"போன்ல கேட் போட்டுட்டான்னு யாரோ சொன்ன மாதிரி கேட்டுச்சே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ரயில்வே கேட் தாண்டினா அடுத்தது நம்ம ரோடுதான்." சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "இங்கே ஸ்டாப் கிடையாது. நேரே ஸ்டாண்டுக்குப் போயிடும். அங்கே எதிர் வண்டி ரெடியா நிக்கும். இருக்கிற மனநிலைக்கு, இறங்கி அதுல ஏறிடுவா."

நடக்க ஆரம்பித்தார். பிறகு ஏறக்குறைய ஓடினார். பேக்கரிக்காரரைப் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டுச் சின்னவளும் பின்னாலேயே போனாள்.

ரோட்டோரம் வெயில் சுட்டது. அப்பா ஓரக் கோட்டில் போய் நின்றார். ஸ்டாப் இல்லாத இடத்தில் வண்டி நிற்காது என்பது அவருக்கு வேதம். கல்யாணமான புதிதில், அம்மா மூட்டை முடிச்சோடு நடுரோட்டில் நின்று கை காட்டியபோதுகூட, உள்ளே இருந்து பார்த்துக்கொண்டே விசில் அடிக்காமல் போன மனிதர். அம்மா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுவாள்.

வளைவில் பஸ் தெரிந்தது.

அப்பாவின் வலது கை பையிலிருந்து வெளியே வந்தது. இடுப்பு வரை வந்து ஒரு கணம் நின்றது.

பிறகு அது மேலே போனது. தோளுக்கு மேல், தலைக்கு மேல், புதுச் சட்டையின் அக்குள் தையல் இழுபட, அதற்கு மேல் போக வழியில்லை என்கிற உயரம் வரை.

டிரைவர் அவரை அடையாளம் கண்டிருக்க வேண்டும். நம்ப முடியாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பஸ் அவர்களைக் கடந்து, வேகம் குறையாமல் போவது போலப் போய், தூரத்தில் பிரேக் அலறி நின்றது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. இறங்க யாரும் வரவில்லை. உள்ளேயிருந்து கண்டக்டர், "யாருப்பா இங்கே? ஏறணுமா, இறங்கணுமா?" என்று கத்தினார்.

அப்பா வாய் திறக்கவில்லை. கை மட்டும் நின்றது.

பின்பக்கப் படியில் முதலில் ஒரு பை தெரிந்தது. பிறகு ஒரு செருப்பு. மூன்று வருடத்துக்கு முன்பு சின்னவளிடமிருந்து கேட்காமல் எடுத்துப் போன அதே செருப்பு, இப்போது வார் மாற்றித் தைத்திருந்தது.

அக்கா இளைத்திருந்தாள். சின்னவளைப் பார்த்தாள். கிட்டே வந்து, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த மெழுகுத் துணுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"திறந்தியா?"

"இல்லைக்கா. அப்படியேதான் இருக்கா. ஆனா..." சின்னவள் ஒரே மூச்சில் கொட்டினாள். "சாயங்காலம் கூட்டம் போட்டுக் கை தூக்கித்தான் கொடுப்பாங்களாம். நீ உறுப்பினர் இல்லையாம்."

அக்கா சிரித்தாள். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. அப்போதுதான் திரும்பி, ரோட்டோரத்தில் நின்றவரைப் பார்த்தாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது, புழுதி அடங்கிவிட்டது, அவர் கை இன்னும் இறங்கவில்லை. இறக்க மறந்தாரா, பயந்தாரா தெரியவில்லை.

அவரைத் தாண்டிப் பண்ணைப் பக்கம் நடந்தவள், நிற்காமலே சொன்னாள்:

"கையை இறக்குங்கப்பா. இப்பவே வலிக்க வச்சுக்காதீங்க. சாயங்காலம் தேவைப்படும்."